வில்லைத் திருப்பக் கூடாது

கண்டியில் வயலின் வாசிக்கத் தெரிந்தவர்கள் போதாமல் போன பிறகுதான் என்னைக் கூப்பிட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் அந்த வாத்தியக் குழுவில் எனக்கு என்ன வேலை? நான் கர்நாடக சங்கீதக்காரி. ஒரு தமிழ்ப் பாடசாலையில் சங்கீத டீச்சர். நவராத்திரிக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் பிள்ளைகளைத் தயார்ப்படுத்துகிறவள். தரையில் சம்மணம் போட்டு, வயலினின் தலையைக் காலில் ஊன்றி வாசித்தே பழகியவள். அவர்கள் கதிரையில் உட்கார்ந்து, வயலினைத் தாடைக்குக் கீழே இடுக்கிக்கொண்டு வாசிக்கிறவர்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் நான் கதிரையில் இருந்த இருப்பைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் பெரிய செலோவைக் கால்களுக்கு நடுவில் பிடித்திருந்த பெண், "பல்லுப் பிடுங்க வந்தவர் மாதிரி இருக்கிறீர்கள்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரிதான்.

குழுவை நடத்தியவரும் நாங்கள் வாசிக்கப்போகும் இசையை எழுதியவரும் ஒருவரே. கண்டிச் சிங்களவர். வெளிநாட்டில் பல வருடம் படித்து, வாசித்து, பிறகு ஏதோ பிடிவாதத்தில் திரும்பி வந்து ஏரிக்குப் பக்கத்தில் குடியிருந்தார். நான் அவரைச் சேர் என்பேன், அவர் என்னை மிஸ் என்பார். பேச்செல்லாம் சிங்களத்தில். கர்நாடக வயலின்காரி ஒருத்தி தேவை என்று கேட்டதே அவர்தான் என்று பிறகு தெரிந்தது. கம்பியில் விரலை இழுத்துக்கொண்டு போவது உங்கள் ஆட்களுக்கு இயல்பாக வரும், எங்கள் ஆட்கள் படி ஏறுகிற மாதிரி ஏறுகிறார்கள் என்றார். அப்படிச் சொன்னால் யாருக்குத்தான் மறுக்க மனம் வரும்?

அந்த இசையின் பெயர் 'இருபத்திரண்டு பேர்'. இருபத்திரண்டு கம்பி வாத்தியங்கள் மட்டும். மேளம் இல்லை, குழல் இல்லை, பாட்டு இல்லை. போரில் செத்தவர்களுக்காக எழுதியது. இரங்கல் இசை என்றதும் முகாரி மாதிரி ஏதாவது ஒன்று, கண்ணை மூடிக் கேட்கிற மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். கையில் தந்த கடதாசியில் சுரமே இல்லை. தடித்த கறுப்புப் பட்டைகள், ஏறும் கோடுகள், இறங்கும் கோடுகள், இடையிடையே குத்துப் புள்ளிகள். என் வகுப்புப் பிள்ளை ஒன்று இப்படி ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டியிருந்தால் நான் பெற்றோரைக் கூட்டிவரச் சொல்லியிருப்பேன்.

தொடக்கத்தில் வில்லையே எடுக்கக் கூடாது. விரல் முட்டியால் வயலினின் மரத்தில் தட்ட வேண்டும், ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேகத்தில். மழையின் முதல் துளிகள் தகரத்தில் விழுகிற மாதிரி இருக்கும். பிறகு குதிரைக்கு அந்தப் பக்கம் வாசிக்க வேண்டும். கம்பிகளைத் தாங்கி நிற்கும் சின்ன மரத்துண்டைத்தான் நாங்கள் குதிரை என்போம். அதற்கு இந்தப் பக்கம்தான் இசை. அந்தப் பக்கம் யாரும் வாசிப்பதில்லை, வாசித்தால் கீச்சென்று பல் கூசும். சேர் அந்தப் பக்கம்தான் வாசிக்கச் சொன்னார். வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவை வாசித்த வயதானவர் ஒருவர் இது வாத்தியத்துக்குச் செய்யும் பாவம் என்று சொல்லிவிட்டு இரண்டாவது வாரமே நின்றுவிட்டார், அவர் இடத்துக்கு வேறொருவர் வந்தார். எனக்கு என்னவோ பிடித்திருந்தது. இருபத்தொரு வருடம் அடக்கி வாசித்தவளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் கத்த இடம் கிடைத்தது.

இரண்டு விதிகளைத்தான் அவர் கண்டிப்பாகச் சொன்னார். ஒன்று, ஒவ்வொருவரும் போரில் இறந்த ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். யார் என்று அவருக்குச் சொல்லத் தேவையில்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற பேச்சும் வேண்டாம். மற்றது முடிவைப் பற்றியது. முடிவில் இருபத்திரண்டு பேரும் ஆளுக்கொரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு வில்லை அடியிலிருந்து நுனி வரைக்கும் ஒரே இழுப்பில், முடிந்தவரை மெதுவாக இழுக்க வேண்டும். வில்லைத் திருப்பக் கூடாது. சிலருக்குச் சீக்கிரம் நுனி வரும், சிலருக்குத் தாமதமாகும். நுனி வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

"ஒரு வில், ஒரு உயிர்" என்றார். "நுனியில் உங்கள் ஆள் முடிந்துவிடுகிறார். கடைசி ஆளும் முடிந்த பிறகு நான் கையை இறக்குவேன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். எதற்குத் தலையாட்டினேன் என்பது பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் உறைத்தது. ஏனென்றால் நான் வாசிக்கும் வயலினை வாங்கித் தந்தவன் என் அண்ணன். அவன் செத்துவிட்டான் என்று இன்றுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அண்ணன் கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் வேலை பார்த்தான். புசல்லாவைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்போது நிறையப் பேர் அப்படிப் போனார்கள். நான் கோயிலில் ஒரு வாத்தியாரிடம் இரவல் வயலினில் படித்துக்கொண்டிருந்த காலம். ஒரு தீபாவளிக்கு வந்தவன் பழைய சாரத்தில் சுற்றி எதையோ கொண்டுவந்தான். பிரித்துப் பார்த்தால் வயலின். மூன்று கம்பிதான் இருந்தது. "இன்னொரு கம்பி எங்கடா?" என்று அம்மா கேட்டதற்கு, "மூணு கம்பியில படிச்சுப் பழகட்டும், நாலாவது பொறகு பாத்துக்கலாம்னு கடைக்காரன் சொன்னான்" என்றான். சங்கீதத்தைப் பற்றி அவனுக்கு அவ்வளவுதான் தெரியும். நான் சிரித்த சிரிப்பில் அவன் முகம் சுருங்கிப்போனது. பிறகு அவனும் சிரித்தான்.

அவனுக்குக் கலியாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. சண்டை உச்சத்தில் இருந்த காலம். கொழும்பில் ஒரு சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு ரொட்டி வாங்கப் போனவனை வெள்ளை வேனில் ஏற்றிக்கொண்டு போனதைக் கூட வேலை செய்த பையன் பார்த்தான். அடையாள அட்டையில் மலைநாட்டு முகவரி இருந்தது. தமிழ்ப் பெயரும் இருந்தது, அது போதுமாக இருந்திருக்கிறது. பொலிஸ், முகாம், சிறைச்சாலை என்று நானும் அண்ணியும் ஏறி இறங்காத படி இல்லை. எந்தப் படியிலும் இருக்கிறான் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சண்டை முடிந்தது. நாடு வேறு கவலைகளுக்குப் போய்விட்டது. அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். நானும் அண்ணியும் மட்டும் அதே படியில் நிற்கிறோம்.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போது ஐம்பதை நெருங்குகிறார். கொழுந்து எடுக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பகலில் விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் வேலை. பத்துப் பன்னிரண்டு குழந்தைகளை ஒரு அதட்டலில் தூங்கவைப்பார். பஸ்ஸில் ஏறினால் முதல் வேலையாகப் பக்கத்து சீட்டில் கைக்குட்டையைப் போட்டுவிடுவார். யாராவது உட்காரப் போனால், "ஆளு வருது" என்பார். அந்த ஆள் நான் என்றால் சரி. நான் ஏறி நின்ற பிறகும் சில நாள் அதை எடுக்க மறந்துவிடுவார். எவ்வளவு கூட்டமானாலும் கொண்டக்டர்கள் அவரிடம் வாயைக் கொடுப்பதில்லை.

காலையில் எழுந்ததும் பொட்டு. தாலி கழுத்தில். கதம்பமோ கனகாம்பரமோ எது கிடைத்தாலும் தலையில். தோட்டத்து லயத்து வீடுகளில் ஆரம்பத்தில் ஜாடைமாடையாகப் பேசியவர்கள் உண்டு. ஒரு கலியாண வீட்டில் யாரோ குங்குமச் சிமிழை அவருக்கு நீட்டாமல் தாண்டிக் கொண்டுபோனார்கள். அண்ணி எழுந்துபோய், அந்தச் சிமிழில் தானே விரலை விட்டு, நெற்றியில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு யாரும் தாண்டவில்லை.

ஒருமுறை அதிகாரிகள் சிலர் வந்தார்கள். மரணச் சான்றிதழ் எடுத்துக்கொண்டால் எல்லாவற்றுக்கும் வசதி, நஷ்டஈடும் கிடைக்கும் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார்கள். அண்ணி அவர்களுக்கு பிளேன்டீ போட்டுக் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு, "ஒடம்பக் காட்டுங்க. நானே கொழும்புக்கு வந்து கையெழுத்து வைக்கிறேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அவர்கள் அதற்குப் பிறகு வரவில்லை.

இப்படிப்பட்டவரின் நாத்தனார் நான். அண்ணனை மனதில் வைத்துக்கொண்டு வில்லை நுனி வரை இழுத்து, அவனை என் கையால் முடித்துவைக்க வேண்டும்.

முதலில் ஏமாற்றப் பார்த்தேன். அண்ணனுக்குப் பதிலாக அம்மாவை நினைத்துக்கொண்டு வாசித்தேன். அம்மா சீனி வருத்தத்தில் செத்தவள். அதுவும் கடைசிவரை பணியாரத்தை ஒளித்துவைத்துத் தின்று செத்தவள். போருக்கும் அவளுக்கும் இடையே அண்ணன்தான் இருந்தான். ஆகவே அவளை நினைத்தாலும் நினைப்பு சுற்றிக்கொண்டு அவனிடமே போய் நின்றது. சேருக்கு இதெல்லாம் தெரியாது. இருந்தாலும் ஒருநாள், "மிஸ், உங்கள் வில் நுனிக்கு வருவதற்கு முன்பே பயந்து நிற்கிறது" என்றார்.

அந்த மாதம் ஒரு சனிக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். வயலினையும் கொண்டுபோயிருந்தேன். அண்ணி, டிவி நாடகம் முடிந்ததும், "என்னமோ புதுசா வாசிக்கிறியாமே, வாசிச்சுக் காட்டு டீச்சர்" என்றார். என்னை வம்புக்கு இழுக்கும்போது டீச்சர் என்பார். என்னுடைய பங்கை மட்டும் வாசித்துக் காட்டினேன். மரத்தில் தட்டியபோது எட்டிப் பார்த்த பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள், குதிரைக்கு அந்தப் பக்கம் போனதும் காதைப் பொத்திக்கொண்டு ஓடின. அண்ணி கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பூனை சண்டை போடுது" என்றார். பிறகு கோடுகள் ஏறி இறங்கும் இடம் வந்தது. அதைக் கேட்கக் கேட்கச் சிரிப்பு நின்றது. கடைசிச் சுரத்தை இழுத்து, நுனிக்கு வந்து, எடுத்தேன்.

"ஏன் நிப்பாட்டின?"

"அதுதான் முடிவு, அண்ணி."

விதியைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அவரிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை.

"நீ யார நெனச்சு வாசிச்ச?"

நான் வயலினைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்கண்ணனையா?"

வில்லைத் தளர்த்திப் பெட்டியில் வைத்தேன். அண்ணி எழுந்து அடுப்பங்கரைக்குப் போனார். கோபம் வந்தால் அவர் சோற்றை அதிகமாகப் போடுவார். அன்று என் சோற்றுக் கோப்பையில் மலை மாதிரிக் குவிந்தது.

"அரசாங்கம் வந்து கேட்டுச்சு, நான் செத்தாருன்னு சொல்லல. சொந்தக்காரவங்க கேட்டாங்க, சொல்லல. நீ போயி, கண்டியில, ஆளுங்களக் கூப்பிட்டு வச்சு, டிக்கட்டு வித்து, அவரச் சாகடிக்கப் போற. அதுவும் அவரு வாங்கிக் குடுத்த வயலின்ல. சாப்பிடு."

"டிக்கட் இல்லை, அண்ணி. சும்மாதான்."

"சும்மாவா? அப்ப இன்னும் கேவலம்."

அந்தச் சோற்றை முழுவதும் தின்றேன். தின்னாமல் எழுந்திருக்க முடியாது.

ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்று அண்ணியைப் போல நான் நம்பவில்லை. செத்துவிட்டான் என்றும் நம்பவில்லை. சில காலையில் ஒன்று, சில காலையில் மற்றது. ஆனால் அதைத் தீர்மானிக்கிற வேலையை எங்கள் தலையில் கட்டிவிட்டு, பிடித்துக்கொண்டு போனவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்களே, அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. அழுது முடித்துவிடுங்கள் என்பதற்கு மட்டும் ஆயிரம் பேர்.

அடுத்த ஞாயிறு ஒத்திகை முடிந்து மழை பிடித்துக்கொண்டது. மண்டப வாசலில் நானும் சேரும் ஒதுங்கி நின்றோம். ஏரிக்கரை மரங்களில் குரங்குகள் நனைந்து குறுகி உட்கார்ந்திருந்தன. நான் விஷயத்தைச் சொன்னேன். என் ஒரு வரியை மட்டும் முடியாத வரியாக எழுதித் தர முடியுமா என்று கேட்டேன்.

அவர் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். இராணுவத்தில் இருந்தவர். வடக்கிலிருந்து பெட்டியில் வந்தார். பெட்டிக்குச் சீல் வைத்திருந்தார்கள், திறக்க அனுமதி இல்லை. அவருடைய அம்மா பெட்டியின் மேல் கையை வைத்து, கால் எந்தப் பக்கம், தலை எந்தப் பக்கம் என்று கேட்டாராம். தூக்கி வந்தவர்களுக்கும் தெரியவில்லை.

"எங்களுக்குப் பெட்டியாவது வந்தது, மிஸ். உள்ளே யார் இருந்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த ஒரு வில் இழுப்பில்தான் நான் அவரை அடக்கம் செய்கிறேன். அதற்காகத்தான் இதை எழுதினேன்."

"அப்படியென்றால் என் வரி?"

"இருபத்திரண்டும் முடிய வேண்டும். ஒன்று முடியாவிட்டால் நான் எப்படிக் கையை இறக்குவது? வந்தவர்கள் எப்போது வீட்டுக்குப் போவார்கள்?"

அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் எனக்கு வாய் அடங்காது. "வந்தவர்கள் வீட்டுக்குப் போவது உங்களுக்குக் கவலை. என் அண்ணன் வீட்டுக்கு வருவது எனக்குக் கவலை" என்றேன். வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, மழை விடும்வரை காத்திருக்காமல் இறங்கி நடந்தேன். வயலின் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் நிலையம் வரை நனைந்தேன்.

அன்றைக்கே அண்ணிக்குப் போன் பண்ணி விட்டுவிட்டேன் என்று சொன்னேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். எனக்கு எப்போதும் இந்தத் தப்புக் கணக்கு.

"ஏன் விட்ட?"

"நீங்கதானே அன்னைக்கு அப்படிப் பேசினீங்க?"

"நான் சாகடிக்காதன்னு சொன்னேன். எந்திரிச்சு வான்னு எப்ப சொன்னேன்? நீ எந்திரிச்சா அந்தக் கதிரையில வேற ஆளு உக்காரும். அதுக்கு வேற யாராவது செத்தவங்க இருப்பாங்க. அப்ப உங்கண்ணனுக்கு எங்க எடம்? செத்தவங்க கூட்டத்துலயும் இல்ல, இருக்கவங்க கூட்டத்துலயும் இல்ல. போயி உக்காரு. ஆனா சாகடிக்காத."

"அது எப்படி அண்ணி முடியும்? வில்லுன்னா நுனி வரும்."

"படிச்சவ நீ. சம்பளம் வாங்குறவ நீ. எனக்கு என்ன தெரியும்? நானும் வர்றேன், கேக்க."

போனை வைத்துவிட்டார்.

திரும்பிப் போனேன். சேர் என் கதிரையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். அதற்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. மிச்ச ஒத்திகைகளில் நல்ல பிள்ளையாக நுனி வரை இழுத்து எடுத்தேன். ஒத்திகைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நிகழ்ச்சி பின்னேரம் நான்கு மணிக்கு. மறுநாள் பௌர்ணமிப் போயா லீவு என்பதால் நானும் அண்ணியுடன் தோட்டத்துக்குப் போவதாக ஏற்பாடு. புசல்லாவையிலிருந்து தோட்டத்துக்கு ஏறும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க, கண்டியில் ஆறு மணிக்காவது பஸ் ஏற வேண்டும். அதை அண்ணி மூன்று தடவை எனக்கு ஞாபகப்படுத்தினார்.

அழைப்பிதழில் எல்லோரும் வெள்ளை உடுத்தி வரும்படி போட்டிருந்தது. மண்டபமே வெள்ளையாக இருந்தது, சாவு வீட்டைப் போல. அதன் நடுவில் அண்ணி வந்தார். கூறைச் சேலை. அரக்குச் சிவப்பு, கரையில் ஜரிகை. கலியாணத்துக்குப் பிறகு அதை அவர் உடுத்தி நான் பார்த்ததில்லை. நெற்றியில் வழக்கத்தைவிடப் பெரிய பொட்டு. குழுவின் செயலாளர் அம்மா ஓடிவந்து, பின்வரிசையில் நல்ல இடம் இருக்கிறது என்று இனிமையாகச் சொன்னார். அண்ணிக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். தெரியாதவர் மாதிரிச் சிரித்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்துக் கதிரையில் கைக்குட்டையைப் போட்டார். அங்கே உட்கார வந்த ஒரு கனவானிடம் மட்டும் சுத்தமான சிங்களத்தில், ஆள் வருகிறது என்றார்.

நான் மேடைக்குப் போகுமுன் அவரிடம் போனேன். சீருடை என்பதால் நானும் வெள்ளைச் சேலைதான். என்னை மேலும் கீழும் பார்த்தார். தன் கொண்டையிலிருந்த கனகாம்பரத்தில் பாதியைப் பிய்த்து என் தலையில் செருகினார். "இப்பப் போ" என்றார்.

இறந்தவர்களுக்காக எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காக்கும்படி சொன்னார்கள். மண்டபம் முழுவதும் எழுந்தது, மேடையில் நாங்களும் எழுந்தோம். அண்ணி எழவில்லை. அத்தனை வெள்ளைக்கும் கீழே ஒரே ஒரு சிவப்பு உட்கார்ந்திருந்தது. கால் மேல் கால் போடவில்லை, யாரையும் முறைக்கவில்லை. மடியில் குடையை வைத்துக்கொண்டு, டாக்டரிடம் நம்பர் எடுத்துக் காத்திருப்பவர் மாதிரி இருந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். தினமும் பாடசாலைக் கூட்டத்தில் நின்று பழகிய டீச்சர் கால், என்னைக் கேட்காமலே எழுந்துவிட்டது. அதை நினைத்து எனக்கே எரிச்சல். முழங்காலை மடக்கி உட்கார்ந்தேன். செலோக்காரப் பெண் என் சேலைத் தலைப்பை இழுத்தாள். நான் எழவில்லை.

பிறகு இசை தொடங்கியது. மரத்தில் விரல் முட்டிகள் தட்டின. யாரோ இருமினார்கள். குதிரைக்கு அந்தப் பக்கம் போனபோது பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. கோடுகள் ஏறத் தொடங்கிய பிறகு யாரும் அசையவில்லை. இருபத்திரண்டு பேரும் ஆளுக்கொரு வேகத்தில் கம்பியில் விரலை இழுத்துக்கொண்டு மேலே போனோம். யாரும் யாரோடும் சேரவில்லை, யாரும் யாரையும் விட்டுப் போகவும் இல்லை. காணாமல்போனவர்களைத் தேடி முகாம் வாசல்களில் நிற்கும் நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பெயரைச் சொல்லிக் கேட்போமே, அந்தச் சத்தம் என் காதில் வந்தது. சேர் அந்த வாசல்களைப் பார்த்திருக்க மாட்டார். எப்படி எழுதினார் என்று எனக்குப் புரியவில்லை. அவர் மேலிருந்த கோபம் அந்த இடத்தில் போய்விட்டது.

முடிவு வந்தது. எல்லோரும் வில்லின் அடியைக் கம்பியில் வைத்தோம். சேர் இரண்டு கையையும் உயர்த்தினார். இழுத்தோம். முதலில் பின்னாலிருந்து ஒரு வயலின் நின்றது. பிறகு இரண்டு வியோலா. செலோக்காரப் பெண் நன்றாகத் தாக்குப் பிடித்தாள், அவளும் நின்றாள். ஒவ்வொன்றாகக் குறையக் குறைய என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. கடைசியில் நான் மட்டும் இருந்தேன். நுனிக்கு நாலு விரல் தூரம் இருந்தது. இரண்டு விரல்.

வில்லைத் திருப்பினேன்.

திருப்புவது வெளியில் கேட்காமல் திருப்ப எனக்குத் தெரியும். எங்கள் சங்கீதத்தில் முதல் பாடமே அதுதான். அன்றைக்கு மறைக்கவில்லை. கேட்கட்டும் என்றே திருப்பினேன். சேர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். மறுபடி அடி வரை வந்து மறுபடி திருப்பினேன். யாரோ ஒருவர், முடிந்துவிட்டதென்று நினைத்து, ஒரு தடவை கைதட்டி நிறுத்தினார். சேரின் கைகள் இறங்கவில்லை. தோள் வலித்திருக்கும். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு கைகளை அப்படியே வைத்திருந்தார். மற்ற இருபத்தொரு பேரும் வில்லைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. முடிய மாட்டேன், போங்கள் என்று என் உடம்பு முழுவதும் சொன்னது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த மேடையிலும் இருந்ததில்லை.

திருப்பித் திருப்பி வாசிக்கும்போதுதான் தெரிந்தது, எப்படி நிறுத்துவது என்று நான் யோசிக்கவே இல்லை. நிறுத்தினால் முடிந்துவிடும். கை ஓய்ந்து நின்றாலும் அதுவும் முடிவுதான். மண்டபம் காத்துக்கொண்டிருந்தது. விரல் நுனி எரிந்தது.

முன்வரிசையில் அண்ணி எழுந்தார். பக்கத்துக் கதிரையிலிருந்த கைக்குட்டையை எடுத்து உதறி, மடித்து, இடுப்பில் செருகினார். குடையை எடுத்துக்கொண்டு மேடைக்குக் கீழே வந்து நின்றார். பிள்ளைக் காம்பராவில் பேசுகிற அதே குரலில், மண்டபம் முழுக்கக் கேட்க, தமிழில் சொன்னார்.

"போதும், வா. பஸ்சு போயிரும். மிச்சத்த இன்னொரு நாளைக்கு வாசிக்கலாம்."

வில்லை எடுத்தேன். நுனியில் இல்லை, அடியிலும் இல்லை. சரியாகப் பாதியில் எடுத்தேன்.

பெட்டியில் வயலினை வைத்து மூடும் சத்தம் மட்டும் கேட்டது. யாரும் கைதட்டவில்லை. மேடையிலிருந்து இறங்கி, கதிரைகளுக்கு நடுவே அண்ணியோடு நடந்தேன். கதவடியில் திரும்பிப் பார்த்தபோது சேர் இன்னும் இரண்டு கையையும் உயர்த்தியபடி நின்றுகொண்டிருந்தார்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. கம்பளை தாண்டும்வரை அண்ணி கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டே வந்தார். மலை ஏறத் தொடங்கியதும் என் மடியிலிருந்த வயலின் பெட்டியைத் தட்டினார்.

"நாலு கம்பியும் இருக்கில்ல இப்ப?"

"இருக்கு அண்ணி."

"உங்கண்ணன் வந்ததும் சொல்லணும்" என்றார். "மூணு கம்பின்னு நீ சிரிச்சத அவரு மறந்திருக்க மாட்டாரு."